அறிவியல் மையத்தின் பராமரிப்புச் செலவு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை அனுப்பர்பாளையத்தில் 300 கோடி ரூபாய் மதிப்பிலான தந்தை பெரியார் நூலகம் மற்றும் அறிவியல் மையத்துக்கு 2024 நவம்பர் 6-ஆம் தேதி முதலமைச்சர் அடிக்கல் நாட்டியபோது, 2026 ஜனவரியில் அது திறக்கப்படும் என்றும் அறிவித்தார். சட்டப்பேரவையின் பதவிக்காலம் அதே ஆண்டு மே மாதத்தில் முடிவதாக இருந்ததால், அந்தத் தேதி எப்படிக் குறிக்கப்பட்டது என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தேர்தல் நெருங்காவிட்டால் இவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டிருக்குமா என்பதே ஐயம்தான். திறப்பு விழாவுக்குப் பின் நடப்பதைப் பற்றியதே என் கவலை.

சென்னை கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பரில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக, ஆட்சி மாறிய 2011-ஆம் ஆண்டிலேயே புதிய அரசு அறிவித்ததையும், உயர் நீதிமன்றம் தலையிட்டதால் அந்நூலகம் தப்பியதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நூலகத்துக்காக வழக்காட ஆளிருந்தார்கள். அறிவியல் மையத்தையோ யாரும் மூடப்போவதாக அறிவிப்பதில்லை. காட்சிப்பொருள்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகி, அது தானே ஓய்ந்துபோகிறது. கைப்பிடியைச் சுழற்றினால் விளக்கு எரிய வேண்டிய டைனமோவில் கைப்பிடி கழன்றுவிட்டால், மாற்றிப் பொருத்த ஒரு டெக்னீஷியனும் சிறு தொகையும் போதும். ஆனால் அந்தச் செலவுக்குக் கல்வெட்டு வைக்க முடியாது என்பதாலோ என்னவோ, அதைக் கேட்டு வாங்கித்தர எந்தக் கட்சியும் முன்வருவதில்லை. பொத்தானின் மேல் 'பழுது' என்று ஒட்டிய தாள் மஞ்சளாகும்வரை அப்படியே கிடக்கிறது.

மத்திய கலாசார அமைச்சகத்தின் கீழுள்ள தேசிய அறிவியல் அருங்காட்சியகக் கவுன்சில், மாநிலங்களோடு செலவைப் பகிர்ந்து அமைக்கும் மையங்களைக் கட்டி முடித்ததும் மாநில அரசிடம் ஒப்படைத்துவிடுகிறது. அதே கவுன்சில் தானே நடத்தும் நெல்லை மாவட்ட அறிவியல் மையம், கொக்கிரகுளத்தில் 1987 முதல் இயங்கிவருகிறது. பணியாளர், பட்டறை, நிதி ஆகியவை ஒரே அமைப்பின் பொறுப்பில் இருப்பதே இதற்கு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்.

கோவை மையம் மாநில அரசே கட்டுவது என்பதால், பொறுப்பைத் தள்ளிவிட இன்னொரு அரசும் இல்லை. ஆகவே, அம்மையத்துக்கென்று ஒரு வைப்பு நிதியை ஏற்படுத்தி, அதன் வட்டி பராமரிப்புக்கு மட்டுமே செலவிடப்படும் என்று அரசாணையிலேயே குறிப்பிட வேண்டும். விளக்குநர், டெக்னீஷியன் பணியிடங்களை ஒப்பந்த முறையில் அல்லாமல் நிரந்தரமாக நிரப்ப வேண்டும். எத்தனை காட்சிப்பொருள்கள் இயங்குகின்றன என்ற கணக்கை ஆண்டுதோறும் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது பேரவையில் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கோயம்புத்தூர்.