சாரல் காலமும் பழைய கிரில் அடுப்பும்

செங்கோட்டை,
ஆனி மாதம்.

அன்பு மகளுக்கு,

நீ கேட்ட கிரில் அடுப்பைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொல்லத்துக்கு ரயிலேறும் உன் மாமா அதைக் கொண்டுவந்து தருவார். வந்த அன்றே கரிமீனை அடுக்கிச் சுட்டுப் பார்க்க உனக்குக் கை துறுதுறுக்கும் என்பது எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரை அதைப் பிளக்கில் சொருகிவிடாதே.

தம்மாமில் நான் வேலை பார்த்த காலத்தில், ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து அதை வாங்கினேன். அமெரிக்காவில் செய்த பொருள். 120 வோல்ட், 1300 வாட் என்று அடித்தகட்டில் பொறித்திருக்கும். சவூதியில் அப்போது வீடுகளுக்கு 127 வோல்ட் மின்சாரமும் கொடுத்தார்கள் என்பதால் அங்கே அது ஒரு தொல்லையும் தரவில்லை. நம் நாட்டிலோ 230 வோல்ட். மின்னழுத்தம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்ற கணக்கு தெரிந்திருந்தும், விடுமுறையில் கொண்டுவந்த அன்று உன் அம்மாவிடம் பெருமை காட்டும் அவசரத்தில் நேராகச் சொருகிவிட்டேன். ஏறத்தாழ 4,800 வாட்டை இழுத்த எலிமென்ட், அதாவது சூடேறும் குழாய், கண் கூசும் அளவுக்குப் பழுத்தது. பியூஸ் கம்பி உருகியதால்தான் அடுப்பும் நானும் பிழைத்தோம். ஆகவே மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் 2000 வி.ஏ. திறனுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. அதையும் மாமாவிடமே அனுப்புகிறேன். கனமானது, ரயிலடிக்கு மாப்பிள்ளையை வரச் சொல்.

வோல்ட்டைவிட நான் அதிகம் அஞ்சுவது ஈரத்துக்குத்தான். எலிமென்ட்டின் உலோகக் குழாய்க்குள் நிக்ரோம் கம்பிச் சுருளைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். சூட்டைக் கடத்தி மின்சாரத்தைத் தடுக்கும் அந்தத் தூளுக்குக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. குழாயின் முனையில் உள்ள அடைப்பு பழசாகி விரிசல் கண்டால், நம் குற்றாலச் சாரலிலோ உங்கள் ஊர்க் கடற்காற்றிலோ சும்மா கிடந்தே அது நனைந்துபோகும். அப்போது மின்சாரம் தூள் வழியாக வெளித்தகட்டுக்குக் கசியும். மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. பொசுக்கென்று விழுந்தால் அடுப்பு செத்துவிட்டது என்று எண்ணாதே. அந்தச் சாதனத்தைத் தவிர்த்து வேறு வழியில் இணைப்பும் கொடுக்காதே. எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மின்கசிவுத் தடுப்பை அளக்கும் கருவியான 500 வோல்ட் மெக்கரில் சோதிக்கச் சொல். அந்தத் தடுப்பு ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால், எலிமென்ட்டை மட்டும் கழற்றி, கேக் சுடும் ஓவனில் 120 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்து உலர்த்தி மறுபடி பார்க்கச் சொல். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

துணி சுற்றிய பழைய வயரை நான் முன்பே மாற்றிவிட்டேன். அந்தக் காலத்துச் சூடு தாங்கும் வயர்கள் சிலவற்றில் மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருக்கும் என்பதால் அதைப் பிரிக்காமல் முழுதாகவே அப்புறப்படுத்தினேன். இரண்டு முனைப் பிளக்காக இருந்ததை மூன்று முனையாக்கி, எர்த் வயரை உடம்புத் தகட்டில் திருகியிருக்கிறேன். என்றாவது உள்வயரை மாற்ற நேர்ந்தால், சாதாரண பி.வி.சி. வயரைப் போட விடாதே; அது உருகிவிடும். சிலிகோன் உறையுள்ள வயரைப் போட்டு, முனைகளை ஈயம் வைத்துப் பற்றவைக்காமல் கிரிம்ப் செய்து, அதாவது உலோக முனைக்குள் நசுக்கி இறுக்கி, இணைக்க வேண்டும். எலிமென்ட் முனையின் சூட்டில் ஈயப்பற்று நிற்காது.

சுடுவதில் அதிக நுணுக்கம் இல்லை. எலிமென்ட் ஓரமாகச் சுற்றி ஓடுவதால், கொழுப்பு நடுவிலுள்ள தட்டில் சொட்டும். அந்தத் தட்டு குளிர்ந்திருப்பதால்தான் புகை குறைவு. கழுவச் சோம்பி அலுமினியத் தாளை முழுவதும் விரித்து மூடினால் காற்று அடைபட்டு அந்த வசதி போய்விடும். மசாலாவில் தேங்காய் எண்ணெய் ஒழுகுமளவு வேண்டாம். நம் பிரானூர் பார்டர் கடைகளின் பொரித்த கோழியின் ருசி இதில் வராது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அது எண்ணெய்ச் சட்டியின் வேலை.

எலிமென்ட்டைத் தண்ணீரில் முக்கவே கூடாது. ஒட்டிய மசாலா அடுத்த முறை சூட்டிலேயே எரிந்து உதிரும். மிச்சத்தை ஆறிய பிறகு ஈரத் துணியால் துடைத்துக்கொள். கம்பித் தட்டை வெந்நீரில் ஊறவைத்துத் தேய்க்கலாம். சொட்டுத் தட்டு அலுமினியம் என்பதால் சலவைச் சோடா பட்டால் கறுத்துவிடும். கம்பித் தட்டைத் தனியாகச் செய்தித்தாளில் சுற்றியிருக்கிறேன். அதற்குள் ஒரு சின்ன டப்பாவில் மாற்றுத் திருகாணிகள் நான்கு இருக்கின்றன, தாளோடு சேர்த்து எறிந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா