கழிவு நூல் நீக்கத்தில் இலவச மின்னூல்களையும் கணக்கில் கொள்ளக் கோரும் மனு

அனுப்புநர்:
நூலகர், பொது நூலகம்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள், பொது நூலகத் துறை

பொருள்: கழிவு நூல் நீக்க விதிகளில் திருத்தம் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் நூலகத்தில் புதிய நூல்கள் இடமின்றிக் கட்டுப் பிரிக்கப்படாமலே கிடக்கின்றன. அலமாரியிலோ, அட்டை கழன்று நூல்கயிற்றால் கட்டப்பட்ட பழைய பிரதிகள். புரட்டினால் தாள் உதிர்கிறது. வாசகருக்குக் கொடுக்கவும் வழியில்லை; வேறு பிரதி இல்லாததால் கழிக்கவும் வழியில்லை.

இவற்றுள் பல, காப்புரிமைக் காலம் முடிந்தவை. 1971இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் ஆகிய இணைய மின்னூல் தொகுப்புகளில் இத்தகைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த நூலைக் கழிக்கலாம் என முடிவு செய்ய நூலகங்கள் பலவும் கையாளும் 'மஸ்டி' (MUSTIE) அளவுகோல், ஒரு நூலைக் கழிக்குமுன் அது வேறிடத்தில் எளிதாகக் கிடைக்குமா என்றும் பார்க்கச் சொல்கிறது. அந்த 'வேறிடம்' என்பதில் இலவச மின்னூலையும் சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

மின்னூல் இருக்கிறது என்பதற்காக நல்ல நிலையில் உள்ள நூலையும் கழிக்க நான் கேட்கவில்லை. அது கூடவே கூடாது. படிக்க இயலாத பிரதிக்கு மட்டுமே இது பொருந்த வேண்டும். அப்போதும், தலைப்பு கிடைத்தவுடன் திருப்தி அடையாமல், நூலகர் மின்னூலைத் திறந்து முதலிலிருந்து கடைசிவரை பார்க்க வேண்டும். மடித்து வைத்த வரைபடத்தை விரிக்காமலே படியெடுத்த பக்கங்களைக் கண்டிருக்கிறேன். அங்கே வரைபடம் இல்லை, மடிப்புதான் இருக்கிறது. பக்கங்களைப் படமெடுக்காமல் தட்டச்சு செய்து உருவாக்கிய மின்னூல்களில் எந்தப் பதிப்பு என்பதே சில வேளை தெரிவதில்லை. பக்க எண்ணைச் சுட்டி எழுதும் ஆய்வாளருக்கு அது உதவாது.

உரிமையையும் பார்க்க வேண்டும். பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கினால், இணைய ஆவணக் காப்பகம் (Internet Archive) என்னும் இணைய நூலகம் கடனாக வழங்கிவந்த 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களை விலக்க நேர்ந்தது. எனவே காப்புரிமைத் தடையற்ற நூல்களை மட்டுமே ஏற்க வேண்டும். இணைப்பை மட்டும் நம்பாமல் கோப்பையே இறக்கித் துறையின் சேமிப்பில் வைக்க வேண்டும். அரிய பதிப்புகளையும் கையெழுத்துக் குறிப்புள்ள பிரதிகளையும் கழிவிலிருந்து முற்றாக விலக்க வேண்டும்.

நூல் கழிக்கப்பட்டாலும் நூற்பட்டியல் பதிவை நீக்காமல், அதில் மின்னூல் இணைப்பைச் சேர்க்க ஆணையிட வேண்டுகிறேன். கணினி வசதி இல்லாத வாசகருக்கு நூலகத்திலேயே படிக்க ஒரு திரையும், கேட்டால் அச்செடுத்துத் தரும் ஏற்பாடும் தேவை. இவை இல்லாத கிளைகளுக்கு இவ்விதியை நடைமுறைப்படுத்த வேண்டாம்.

அடுத்த இருப்புச் சரிபார்ப்பு தொடங்குமுன் இதற்கான சுற்றறிக்கையை வெளியிட்டு உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நூலகர்