டிரை சூட்டை உள்ளேயும் காய வை

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டைவிங்கில் உடம்பு நனையாமல் இருக்கப் போட்டுக்கொள்ளும் உன் டிரை சூட்டில் ஒரு புழுங்கல் வாடை வருகிறது, இடது மணிக்கட்டில் தண்ணீர் புகாமல் இறுகப் பிடிக்கும் ரப்பர் சீல் பிசுபிசுக்கிறது என்று எழுதியிருந்தாய். டைவிங் சாமான் பழுதுபார்க்கும் மேசையில் இத்தனை வருஷம் உட்கார்ந்த உன் அம்மாவிடம் இரண்டு வரியில் கேட்டுவிட்டுப் போய்விட முடியுமா? இருந்து முழுசாகப் படி.

முதலில் அந்த சீல். லேட்டக்ஸ் ஒருமுறை பிசுபிசுக்க ஆரம்பித்தால் திரும்பாது. மேலே பவுடர் போட்டால் கைக்கு வழவழப்பாகத் தெரியும், ரப்பர் உள்ளே இளகிக்கொண்டேதான் இருக்கும். சீலை மாற்றிவிடு, அதுவரை அந்த சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் இறங்காதே. நடுவில் அது கிழிந்தால் சூட்டுக்குள் குளிருக்காகப் போடும் உள்ளாடை நனைந்துவிடும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். உள்ளாடையில் தங்கும் காற்றுதான் உன்னைக் காப்பாற்றுகிறது, அது போனால் சூட் போட்டும் பயனில்லை.

சூட்டை எங்கே வைக்கிறாய் என்று நீ எழுதவில்லை. ஃப்ரிட்ஜ், பம்ப், ஹீட்டர் மாதிரி மோட்டார் ஓடும் இடத்துக்குப் பக்கத்திலா? மோட்டாரில் பறக்கும் பொறியிலிருந்து ஓசோன் வரும், அது லேட்டக்ஸைத் தின்றுவிடும். வெயில், எண்ணெய், பெட்ரோல், சருமத்தில் தடவும் சன்ஸ்கிரீன் எல்லாமே அதற்கு ஆகாதவைதான். செம்பு பட்டாலும் கெடும்.

இனி வாடை. என் மேசைக்கு வந்த சூட்டுகளில் பாதிக்கு மேல் கெட்டது வெளியே காய்ந்ததை நம்பி மடித்து வைத்ததால்தான். உன்னுடையது டிரைலாமினேட். இரண்டு துணி அடுக்குகளுக்கு நடுவே பியூட்டில் ரப்பர் இருக்கும். அந்த ரப்பர் வெளித்தண்ணீரை உள்ளே விடாது, உன் வியர்வை ஆவியையும் வெளியே விடாது. வெளியே தண்ணீர் குளிர்ந்திருப்பதால் அந்த ஆவி சூட்டின் உட்சுவரில் பட்டுத் தண்ணீராகிவிடும். ஆகையால் ஒரு சொட்டுகூட ஒழுகாத சூட்டிலும் உள்ளே ஈரம் இருக்கத்தான் செய்யும். ஈரம் உள்ளே முழுக்கப் பரவலாக இருந்தால் அது வியர்வை. ஒரே இடத்தில், மணிக்கட்டு ஓரத்திலோ ஜிப் முனையிலோ திட்டாக இருந்தால் ஒழுக்கு என்று சந்தேகப்படு.

கரையேறியதும் சூட்டைப் போட்டபடியே, ஜிப் மூடியிருக்கும்போதே, நன்னீரில் நன்றாக அலசிவிடு. நெஞ்சிலிருக்கும் காற்று நிரப்பும் வால்வுக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். சிலிண்டரிலிருந்து காற்று வரும் ஹோஸ் இணைத்திருக்கும்போது தண்ணீரை ஊற்றிக்கொண்டே பட்டனை அழுத்தி விடு. ஹோஸ் இல்லாமல் அழுத்தினால் அந்த வழியாகவே தண்ணீர் உள்ளே போகும். உப்பு படிந்து அந்தப் பட்டன் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டால் சூட் தானாகக் காற்றை நிரப்பிக்கொண்டு உன்னை மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். சூட்டின் கைப்பகுதியில் இருக்கும் காற்று விடும் வால்வைச் சுழற்றிச் சுழற்றிக் கழுவு. உள்ளாடையிலிருந்து உதிரும் பஞ்சு அதன் உட்பக்கம் போய் அடைக்கும், அதையும் எடுத்துவிடு. இது விஷயத்தில் சோம்பல் படவே கூடாது, கண்ணா.

பிறகு அகலமான ஹேங்கரில், நிழலில், காற்றோட்டத்தில் மாட்டு. கழுத்து சீலில் எடை விழக் கூடாது. பூட்ஸைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடும் ஹேங்கர் கிடைத்தால் ரொம்ப நல்லது. வெளிப்பக்கம் தொட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் உடனே உள்ளை வெளியே திருப்பு. கால் நுனிதான் கடைசியாகக் காயும். கையை விரல் வரைக்கும் உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தால்தான் தெரியும், மேலிருந்து எட்டிப் பார்த்துத் தெரியாது. ஒட்டியிருக்கும் பூட்ஸுக்குள் கசக்கிய செய்தித்தாளைத் திணித்து வை, ஈரமானதும் மாற்று. மின்விசிறியை அதன் வாய்க்கு நேராக வைத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஹேர் டிரையர், ஹீட்டர், வெயில் மூன்றும் வேண்டாம். தையல் மேல் ஒட்டிய டேப்பின் பசை வெப்பத்தில் தளர்ந்து பிரியும்.

ஏற்கனவே நாற்றம் பிடித்துவிட்டதால் இந்தத் தடவை உள்பக்கத்தை வெதுவெதுப்பான தண்ணீரில், மிதமான சோப்பால் கழுவி, நுரை போகும்வரை அலசி, அப்புறம் உலர்த்து. உள்ளாடையைத் தனியாகத் துவை. துணியை மென்மையாக்கும் திரவம் எதையும் சேர்க்காதே, இழைகளில் படிந்து காற்றைப் பிடிக்கும் குணத்தைக் குறைத்துவிடும்.

ஜிப்பைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று உனக்குத் தெரியும். சூட்டிலேயே மாற்ற அதிகம் செலவாகும் உறுப்பு அதுதான், அதனால்தான் சொல்கிறேன். உன்னுடையது பித்தளைப் பல் வைத்தது. மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துலக்கி மணலை எடு. காய்ந்தபின் ஜிப்பை மூடி, பற்களின் வெளிப்பக்கத்தில் மெழுகு தேய். எண்ணெயோ சிலிக்கான் ஸ்ப்ரேயோ அடிக்கவே அடிக்காதே. மணலை இழுத்து வைத்துக்கொள்வதோடு, நாளைக்கு ரிப்பேருக்குப் பசை தடவினால் ஒட்டவும் விடாது. மூடும்போது ஒரு கையால் துணியை நேராகப் பிடித்துக்கொள், இழுவையைக் கோணலாக இழுக்காதே. இரண்டு பல் ஒழுங்காகக் கோக்காமல் போனால் போதும், தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும்.

சீசன் முடிந்து எடுத்து வைக்கும்போது முழுக்கக் காய்ந்த லேட்டக்ஸ் சீல்களில் வாசனை சேர்க்காத டால்க் மட்டும் போடு. வாசனைப் பவுடரிலுள்ள எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். அடுத்த முறை சிலிக்கான் சீல் வாங்கினால் பவுடரே வேண்டாம். ஜிப்பை முழுசாகத் திறந்து, அது மேலே தெரியும்படி சூட்டைத் தரையில் விரித்து, பூட்ஸிலிருந்து தளர்வாகப் பாய் சுருட்டுவது போல் சுருட்டிக்கொண்டு வா. ஜிப் இருக்கும் இடத்தில் மட்டும் சுருட்டாமல் நேராகவே விட்டுவிடு. ஜிப்பில் கூரான மடிப்பு விழுந்தால் அந்த இடத்தில்தான் பற்கள் உடையும். கைகளை மேலே போட்டு, சீல்கள் மடங்காமல் சரிசெய்து, காற்று புகும் பையில் வை. நெருக்கமான பிளாஸ்டிக் பையில் அடைத்தால் மிச்ச ஈரம் அங்கேயே கிடந்து பூஞ்சை பிடிக்கும். மேலே சிலிண்டரையோ எடைப் பட்டையையோ ஏற்றிவிடாதே.

இடையில் அவ்வப்போது எடுத்து விரித்து, ஜிப்பை ஓட்டிப் பார்த்து, வேறு இடத்தில் வளைவு வருகிற மாதிரி சுருட்டி வை. அப்படி எடுக்கும்போது ஜிப் ஓரத்து டேப்பைப் பகல் வெளிச்சத்தில் பார். எங்காவது நூல் பிரிந்தோ விளிம்பு கிளம்பியோ இருந்தால், நீயே பசை போடாமல் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்பு, எந்தப் பசை என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா