ராகவனுக்கு, ஸ்டார்ட்டர் வாங்கும் முன்

அன்புள்ள ராகவா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்ததில் மிக்க மகிழ்ச்சி. என் முழங்கால் வலி குறைந்து, காருக்கு அடியில் படுத்து எழும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

இனி உன் செவர்லே விவகாரம். 350 கன அங்குல என்ஜினின் கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் அளவை) ஏற்றி, ஹெடர் எனும் புகைக் குழாய்களும் மாட்டியாயிற்று. இப்போது சூட்டில், என்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் முக்குகிறது, 'ஹை டார்க்' (அதிகத் திருகுவிசை) என்று எழுதியிருப்பதிலேயே பெரியதாக வாங்கிவிடலாமா என்கிறாய். அவசரப்படாதே. அட்டைப்பெட்டியில் எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

முதலில் ஃபிளைவீலின், அதாவது ஸ்டார்ட்டர் பிடித்துச் சுழற்றும் பெரிய சக்கரத்தின், விளிம்பில் உள்ள ரிங் கியர் பற்களை எண்ணு. ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, கிராங்க் போல்ட்டை ஸ்பேனரால் திருப்பிக்கொண்டே எண்ணினால் போதும். உன் என்ஜினுக்கு 153 அல்லது 168 வரும். 153 என்றால் ஸ்டார்ட்டரின் இரண்டு போல்ட்டும் நேர் வரிசையில் இருக்கும். 168 என்றால் முன்பின்னாக இருக்கும். இது பொருந்தாவிட்டால் எத்தனை சக்தி இருந்தும் பயனில்லை.

அடுத்து, வோல்ட் மீட்டரை எடு. என்ஜினைச் சுழற்றும்போது பேட்டரியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகி. பேட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் கேபிள்தான் குற்றவாளி. போன வருடம் பிளாக்குக்குப் பளபளவென்று பெயிண்ட் அடித்தாயே, மின்சாரம் திரும்பும் எர்த் பட்டை உட்காரும் இடத்தில் அதைச் சுரண்டினாயா? பெயிண்ட் மின்சாரத்தை விடாது.

இவை சரியென்றால், கியர் ரிடக்‌ஷன் வகையை வாங்கு. உள்ளே சிறிய மோட்டார் வேகமாகச் சுழலும். பற்சக்கரங்கள் அந்த வேகத்தைத் திருகுவிசையாக மாற்றிக் கொடுக்கும். கிரைஸ்லர் 1962-லேயே இதைத் தன் கார்களில் வைத்துவிட்டது, புது வித்தை ஒன்றுமில்லை. உனக்கு இதில் பெரிய லாபம் உருவம் சிறியது என்பதுதான்: ஹெடருக்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவே விரல் நுழைய இடம் கிடைக்கும். சூட்டில் முக்குவது ஏன் என்றால், ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் செம்புக் கம்பியின் மின்தடை, வெப்பம் 100 டிகிரி செல்சியஸ் ஏறினால் சுமார் 40 சதவீதம் கூடும். வண்டியை நிறுத்தியதும் காற்றோட்டம் நின்றுவிட, ஹெடரின் சூடு முழுவதும் ஸ்டார்ட்டர் மேலும் அதன் மின்காந்தச் சுவிட்சான சோலனாய்டு மேலும் இறங்குகிறது. அந்த இடைவெளியில் ஒரு வெப்பத் தடுப்புத் தகடும் வைத்துவிடு. இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) மிக முன்னால் வைத்திருந்தாலும் சூட்டில் என்ஜின் எதிர்த்து உதைக்கும், அதையும் பார்.

மாட்டும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரின் சிறு பற்சக்கரமான பினியனை ரிங் கியருக்குள் தள்ளிப் பார். பல்லின் நுனிக்கும் எதிர்ப்பள்ளத்துக்கும் நடுவில், நிமிர்த்திய பேப்பர் கிளிப் இறுக்கமில்லாமல் நுழைய வேண்டும். சுழற்றும்போதே கீச்சென்று ஊளையிட்டால் இடைவெளி அதிகம், ஸ்டார்ட்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் மெல்லிய தகடான ஷிம்மைக் குறை. என்ஜின் பிடித்தபிறகு ஊளையிட்டால் இடைவெளி போதாது, ஒரு ஷிம் சேர். போல்ட்டுகள் அதற்கென்றே வரும் வரிவெட்டுத் தண்டு கொண்டவையாக இருக்கட்டும். கைக்குக் கிடைத்ததைத் திருகிவிடாதே.

எண்ணிக்கையும் வோல்ட் அளவும் தெரிந்ததும் எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்