தோலுக்கு அடியில் பார்க்க வேண்டும், விமலா

செம்பூர், மும்பை

அன்புள்ள விமலா,

உன் கடிதம் கிடைத்தது. மகளும் நர்சிங்கில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அவளிடம் என் அன்பைச் சொல். இங்கே மழை பிடித்துக்கொண்டது, ஹார்பர் லைன் ரயில் நின்று நின்றுதான் போகிறது. அம்மாவுக்கு மூட்டுவலி இருந்தாலும் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய் முருங்கைக்காயும் வாழைப்பூவும் வாங்கி வந்துவிடுகிறாள். வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மருத்துவமனையில் கீமோ டே கேர் (புற்றுநோய் மருந்தை ஏற்றி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பும் பிரிவு) தொடங்கி உன்னையே பொறுப்பில் போட்டிருக்கிறார்கள். மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்துவிட்டால் உள்ளே எவ்வளவு கெட்டிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருந்தாய். அதற்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் உதவும். இதைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும் என்று எனக்கே ரொம்ப நாளாக ஆசை, அதனால் கடிதம் கொஞ்சம் நீளும்.

சில மாதங்களுக்கு முன் தாராவியிலிருந்து ஒரு அக்கா டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து போட வந்திருந்தார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மார்பில் கட்டி, ஆபரேஷனுக்கு முன்னால் தரும் கீமோ. மருந்து போய்க்கொண்டிருக்கும்போதே “சிஸ்டர், சுள்ளுன்னு இருக்கு” என்றார். பார்த்தால் முன்கையில் எட்டணா அளவு லேசான வீக்கம், அவ்வளவுதான். உடனே நிறுத்தினோம். கையில் செருகியிருந்த கேனுலா குழாயைப் பிடுங்காமல் அதன் வழியாகவே சிரிஞ்சால் உறிஞ்சி, வந்த வரைக்கும் எடுத்தோம். பேனாவால் எல்லை வரைந்து, போட்டோ எடுத்து, கையை உயர்த்தி வைத்து ஐஸ் ஒற்றடம் கொடுத்தோம். டாக்டர் இதற்கு மாற்று மருந்தான டெக்ஸ்ராசாக்சேன் எழுதினார். அதை 6 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், மறு கையில் போட வேண்டும், மூன்று நாள் தொடர வேண்டும். போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பாவது ஐஸை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ரத்த ஓட்டம் குறைந்து மருந்து அந்த இடத்துக்குப் போய்ச் சேராது. 2007-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில், கசிவு திசுச் சோதனையில் உறுதியான 54 பேருக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவருக்குத்தான் கத்தி வைக்க வேண்டி வந்தது. விலை அதிகம்தான், ஆனாலும் ஒரு செட் ஸ்டாக்கில் வைத்திருக்கச் சொல்லி நீ சண்டை போட்டே ஆக வேண்டும்.

ஸ்கேன் இதற்கெல்லாம் பிறகுதான். ஸ்கேன் அறையில் வரிசை நிற்கிறது என்று அந்த 6 மணி நேரத்தில் ஒரு நிமிஷம்கூட வீணாகக் கூடாது.

பிறகு ஏன் ஸ்கேன் என்று கேட்பாய். டாக்சோரூபிசின் செல்லுக்குள் போய் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தச் செல் செத்ததும் வெளியே வந்து பக்கத்துச் செல்லைப் பிடிக்கிறது. அதனால்தான் சேதம் வாரக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே பரவுகிறது. மேலே தோல் நன்றாகத்தான் இருக்கும், நோயாளியும் வலி குறைந்துவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடுவார். வேறோர் ஊரில் மருந்து கசிந்து, பல வாரம் கழித்து எங்களிடம் வந்த ஒருவரை நான் மறக்கவே மாட்டேன். புறங்கையில் தோல் கறுத்துக் கொஞ்சம் கெட்டியாக இருந்தது, திறந்த புண் கிடையாது. ஸ்கேனில் பார்த்தால் தசைநாண் வரைக்கும் திசு குலைந்து, நடுவில் நீர் கட்டியிருந்தது. பிளாஸ்டிக் சர்ஜன் வெட்டி எடுத்துத் தோல் ஒட்ட வேண்டியதாயிற்று. அவர் தையல் வேலை செய்து பிழைப்பவர், விமலா.

அந்த அக்காவுக்கு வருகிறேன். முதல் ஸ்கேனை அன்றைக்கே எடுத்தோம். வயிறு பார்க்கும் வளைந்த ப்ரோப் (தோலில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவி) இதற்கு உதவாது. தைராய்டுக்கும் ரத்தக்குழாய்க்கும் வைக்கும் லீனியர் ப்ரோப், அதாவது நேரான முனை உள்ளது வேண்டும், 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல். ஆழமாகப் போகாது, ஆனால் தோலையும் அதற்கு அடியில் உள்ள கொழுப்பையும் தெளிவாகக் காட்டும். ஜெல்லைத் தாராளமாக வைத்து, ப்ரோப்பை அழுத்தாமல் பிடிக்க வேண்டும். அழுத்தினால் நீர் ஒதுங்கி, இல்லாதது போல் தெரியும். அந்த இடம் வலிக்கவும் செய்யும். கையுறை கட்டாயம், ப்ரோப்புக்கு உறை போடச் சொல்.

எங்கள் ரேடியாலஜிஸ்ட் மேடம் முதலில் நல்ல கையில் அதே இடத்தைப் பார்த்தார்கள். பிறகுதான் கசிந்த கை. கொழுப்பு தடித்து வெளுத்திருந்தது. அதன் கட்டிகளுக்கு நடுவே கறுப்புக் கறுப்பாக நீர்க்கோடுகள், வெடித்த வயலில் தண்ணீர் பாய்ந்தது போல. பேனா எல்லையைத் தாண்டி முழங்கைப் பக்கமாக அது ஓடியிருந்தது. கண்ணால் பார்த்து நாங்கள் வரைந்த கோடு போதவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தசைநாண் உறையில் நீர் இல்லை. ரத்தக்குழாயை லேசாக அழுத்தினால் அமுங்கியது, அதாவது ரத்தம் உறையவில்லை. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில் சுற்றுப்புறம் முழுக்க ரத்த ஓட்டம் கூடியிருந்தது. எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொண்டு, மீண்டும் மீண்டும் அதே இடத்தில் பார்த்தோம். கோடுகள் மெலிந்துகொண்டே போயின, தனியாக நீர்ப்பை எதுவும் உருவாகவில்லை. அதை வைத்துத்தான் சர்ஜன் கைவைக்காமல் காத்திருக்கலாம் என்றார். கடைசியில் தோல் கொஞ்சம் நிறம் மங்கியதோடு அக்கா தப்பித்தார்.

இதில் கதிர்வீச்சு இல்லை, எத்தனை முறையும் பார்க்கலாம் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் ஒன்றை நன்றாக மனதில் வை. ஸ்கேனுக்கு மருந்து தெரியாது, நீரும் வீக்கமும்தான் தெரியும். வெறும் சேலைன் கசிந்தாலும் படம் அதே போலத்தான் இருக்கும், தோல் தொற்று வந்தாலும் கிட்டத்தட்ட அப்படித்தான். எந்த மருந்து, சுமார் எவ்வளவு, எத்தனை மணிக்கு, உறிஞ்சி எடுத்தது எவ்வளவு என்பதை நர்ஸ் எழுதி வைத்தால்தான் அந்தப் படத்துக்கு அர்த்தம் வரும். ரேடியாலஜிஸ்டுக்குப் போகும் சீட்டில் ‘கை வீக்கம்’ என்று மட்டும் எழுதி அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொன்று. மார்பு ஆபரேஷன் முடிந்து அக்குளில் நெறிக்கட்டு எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கை ஏற்கெனவே வீங்கியிருக்கலாம். அதோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். அப்படிப்பட்டவர்களுக்குக் கசிந்த கையிலேயே தள்ளி ஒரு நல்ல இடத்தைப் பார்க்கச் சொல்.

வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு கீமோ மருந்து கசிந்தால் ஐஸ் வைக்கவே கூடாது. நம் ஊர் நித்தியகல்யாணியிலிருந்து வருகிறதே, அந்த மருந்துக்கு வெந்நீர் ஒற்றடம்தான், கிடைத்தால், கசிந்த மருந்து ஓரிடத்தில் தங்காமல் பரவ உதவும் ஹயாலுரோனிடேஸ் ஊசி. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இது குழம்பும், சுவரில் பெரிதாக எழுதி ஒட்டிவிடு.

ஸ்கேன் மெஷினை உன் டே கேருக்குத் தள்ளிக்கொண்டு வரலாம் என்று நினைக்காதே. கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் வருஷச் சட்டப்படி ஒவ்வொரு மெஷினுக்கும் பதிவு உண்டு, நினைத்த இடத்தில் வைத்துப் பார்க்க முடியாது. நாங்கள் நோயாளியைத்தான் ஸ்கேன் அறைக்குக் கூட்டிப் போகிறோம். அதனால் அங்கே இருக்கிறவர்களிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள், கசிவு என்று போன் வந்தால் உடனே உள்ளே எடுக்க வேண்டும் என்று.

உங்கள் ஸ்கேன் அறையில் லீனியர் ப்ரோப் இருக்கிறதா, ராத்திரியில் யார் இருப்பார்கள் என்று விசாரித்து எழுது. நாங்கள் குறித்து வைக்கும் படிவத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், முடிந்ததும் அனுப்புகிறேன். மேட்ரனிடம் காட்டி உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் லீவு இன்னும் கிடைக்கவில்லை, கிடைத்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்கு வருவேன்.

அன்புடன்,
ஸ்டெல்லா