பெட்டிக்கு முன் பட்டியல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டு வேலை, விசா விதிகள், படிப்பு வாய்ப்புகள் பற்றி நாளிதழ்களில் நிறையப் படிக்கிறோம். விசா கைக்கு வந்த நாளுக்கும் விமானம் ஏறும் நாளுக்கும் நடுவே ஒரு குடும்பம் வீட்டுக்குள் செய்து முடிக்க வேண்டிய வேலையைப் பற்றி எழுதுவோர் குறைவு. பணமும் நாட்களும் கரைவது அங்கேதான். இதில் சிக்கிக்கொள்பவர்களில் பலர் எதையும் செய்யாமல் விட்டவர்கள் அல்லர். எல்லாவற்றையும் செய்து, வரிசையை மட்டும் மாற்றிவிட்டவர்கள். அந்த வரிசையைப் பற்றித்தான் இக்கடிதம்.

தாள்களில் முதல் வேலை பெயர். பாஸ்போர்ட்டை மேசை நடுவில் வைத்து, பிறப்பு, திருமண, படிப்புச் சான்றிதழ்களைச் சுற்றிப் பரப்பி, எழுத்தெழுத்தாக ஒத்துப்பாருங்கள். ஒன்றில் இனிஷியல் மட்டும் இருக்கும், இன்னொன்றில் அதே பெயர் விரிந்திருக்கும். ஒன்றில் ஆங்கில எழுத்து ஒன்று கூடியிருக்கும். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும். இவற்றைத் திருத்திய பிறகே சான்றொப்பத்துக்குப் போக வேண்டும். திருத்திய சான்றிதழ் சட்டப்படி புதிய ஆவணம். பழையதன்மேல் வாங்கிய முத்திரை இதற்குச் செல்லாது.

அடுத்தது அப்போஸ்டில், அதாவது நம் சான்றிதழை வேறொரு நாடு ஏற்பதற்காக வாங்கும் சான்றொப்பம். 1961 அக்டோபர் 5-ஆம் தேதியிட்ட ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்கிடையே இந்த ஒரு சான்றே போதும். ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 9 செ.மீ. உள்ள சதுரம், அதற்குள் 1 முதல் 10 வரை எண்ணிட்ட விவரங்கள், தலைப்பில் ஒப்பந்தத்தின் பெயர் பிரெஞ்சு மொழியில் இருக்கும். கையெழுத்திட்டவர் யார், எந்தப் பதவியில் இட்டார், முத்திரை யாருடையது என்பதற்கு மட்டுமே அது உறுதி. சான்றிதழின் உள்ளே எழுதியிருப்பது சரியா என்பதை அது சொல்வதில்லை. போகும் நாடு ஒப்பந்தத்தில் இல்லையென்றால் சொந்த நாட்டு வெளியுறவுத் துறை, பிறகு அந்த நாட்டுத் தூதரகம் என்று படிப்படியாக ஏற வேண்டும். சீனா 2023 நவம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும்தான் ஒப்பந்தத்துக்குள் வந்தன. எனவே சில ஆண்டுகளுக்கு முன் போனவர் சொன்ன வழி இன்று பொருந்தாமல் போகலாம். மொழிபெயர்ப்பு அப்போஸ்டிலுக்குப் பிறகுதான். முன்பே செய்துவிட்டால் அப்போஸ்டில் பக்கம் மொழிபெயர்ப்பில் இருக்காது. பல அலுவலகங்கள் அதைத் திருப்பி அனுப்பிவிடும்.

எல்லாத் தாளையும் முன்கூட்டியே வாங்கி வைப்பதும் தவறு. காவல்துறை நன்னடத்தைச் சான்றுக்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம்தான் ஆயுள். பாஸ்போர்ட்டுக்கோ நேர் எதிர்: பல நாடுகள் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடி மிச்சம் இருக்க வேண்டும் என்கின்றன. குழந்தைகளின் பாஸ்போர்ட்டுக்குப் பெரியவர்களுடையதைவிட ஆயுள் குறைவு என்பதால், குடும்பத்தில் முதலில் காலாவதியாவது பெரும்பாலும் அதுதான். பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையோடு பயணம் செய்தால் மற்றவரின் ஒப்புதல் கடிதம், நோட்டரி முத்திரையோடு, கையில் இருக்கட்டும்.

வளர்ப்பு நாயோ பூனையோ உடன் வருவதாக இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத் தொடங்குங்கள். வரிசை பிசகினால் தண்டனை எவ்வளவு கடுமை என்பது இதில் தெரியும். முதலில் ஐஎஸ்ஓ தரத்திலான 15 இலக்க மைக்ரோசிப், பிறகு ரேபிஸ் எனும் வெறிநோய்க்கான தடுப்பூசி. ஊசியை முன்னால் போட்டு சிப்பைப் பின்னால் பொருத்தினால் அந்த ஊசி கணக்கில் வராது. வெறிநோய் அபாயம் கூடுதல் என்று ஐரோப்பிய ஒன்றியம் கருதும் நாடுகளிலிருந்து அங்கே போவதானால், ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். எதிர்ப்பொருள் அளவு மில்லி லிட்டருக்கு 0.5 அலகாவது இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். குடும்பம் கிளம்பிய பிறகும் பிராணி மட்டும் யார் வீட்டிலாவது தங்கிவிடுவது இந்தக் கணக்கைத் தாமதமாகப் பார்ப்பதால்தான்.

மூல ஆவணம் எதையும் கண்டெய்னரில் போடாதீர்கள். அது கடலில் வாரக்கணக்கில் போகும். பள்ளிச் சேர்க்கை அதுவரை காத்திராது. கைப்பையில் வர வேண்டியவற்றில் பலர் மறப்பவை சில: தேதிகளோடு கூடிய தடுப்பூசி அட்டை, மதிப்பெண் பட்டியல், மருந்தின் வணிகப் பெயரோடு மூலப் பெயரும் அளவும் எழுதிய மருத்துவர் சீட்டு, விபத்துக் கோரிக்கை எதுவும் இல்லை என்று வாகனக் காப்பீட்டு நிறுவனம் தரும் கடிதம். கடைசியாகச் சொன்னதைக் காட்டினால் புதிய நாட்டில் பிரீமியம் குறைய வாய்ப்பு உண்டு. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை உரிமம் தந்த நாட்டிலேயே வாங்க வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் கிடைக்காது. வங்கியின் ஓடிபி வரும் கைபேசி எண்ணை ரத்து செய்துவிட்டு, பிறகு சொந்தக் கணக்கைத் திறக்க முடியாமல் திண்டாடுபவர்கள் பலர். எண்ணைக் குறைந்த கட்டணத் திட்டத்துக்கு மாற்றி, உயிரோடு வைத்திருங்கள். சொத்து விற்கவோ வாடகை வாங்கவோ யாருக்காவது அதிகாரப் பத்திரம் எழுத வேண்டியிருந்தால், புறப்படும் முன் எழுதுவது எளிது.

இனி சாமான்கள். பேக்கிங் ஆட்கள் வந்து டேப் கிழிக்கும் சத்தம் கேட்டபிறகு பட்டியல் எழுத உட்காராதீர்கள். பொருட்பட்டியல்தான் சுங்க அதிகாரி படிப்பது, காப்பீட்டு நிறுவனம் மதிப்பிடுவது, பெட்டி தொலைந்தால் கேட்பதற்கு ஆதாரமாவது. "பெட்டி 14, சமையலறை, பயன்படுத்திய எஃகுப் பாத்திரங்கள் 11, கண்ணாடிக் குவளைகள் 6" என்று ஒரு வரி இருந்தால் அதிகாரி அடுத்த வரிக்குப் போய்விடுவார். "இதர பொருட்கள்" என்று எழுதிய பெட்டியைத்தான் பிரித்துப் பார்ப்பார். பட்டியல் போகும் நாட்டுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். பெட்டி எண்ணை மேலே எழுதினால் அடுக்கியபின் தெரியாது. இரண்டு பக்கவாட்டில் எழுதுங்கள்.

பழைய வீட்டுச் சாமான்களுக்குப் பல நாடுகளில் வரிவிலக்கு உண்டு, நிபந்தனையோடு. ஐரோப்பிய ஒன்றியம் ஆறு மாதமாவது பயன்படுத்தியிருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்கா ஓராண்டு என்கிறது. கிளம்பும் முன் புதிதாக டிவி வாங்கிப் பெட்டி பிரிக்காமல் ஏற்றுபவர்கள் வரி கட்டுவது இதனால்தான். பில் ஆஃப் லேடிங் எனும் கப்பல் ரசீதில் பெறுநர் பெயரும் பாஸ்போர்ட்டும் ஒத்திருக்க வேண்டும். சரக்கு துறைமுகத்துக்கு வரும்போது பெறுநர் அந்த நாட்டுக்குள் இருப்பதும் முக்கியம். துறைமுகம் தரும் இலவச நாட்கள் தீர்ந்தால் டெமரேஜ் எனும் தாமதக் கட்டணம் நாள்தோறும் ஏறும்.

எதை எடுத்துப்போவது என்பதில் உணர்ச்சியைவிடக் கன அளவு பேசும். 20 அடி கண்டெய்னரின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். இண்டு இடுக்கு போக 28 வரை அடுக்கலாம். விமானத்தில் அனுப்பினால் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்து வருவதைக் கிலோவாகக் கொள்வது வழக்கம். 60, 50, 50 அளவுள்ள பெட்டியில் தலையணை வைத்தால் தராசு 6 கிலோ காட்டினாலும் கட்டணம் 25 கிலோவுக்கு. மின்சாதனங்களில் பின்புற லேபிளைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் பின் மாற்றும் அடாப்டர் போதும். 230 மட்டும் போட்டிருக்கும் அயர்ன் பாக்ஸ், 120 வோல்ட் நாட்டில் கால்பங்குச் சூடுதான் தரும். 120-க்கானதை 230-இல் செருகினால் எரிந்துபோகும். அடாப்டர் பின்னை மாற்றும், வோல்ட்டை மாற்றாது.

கண்டெய்னருக்குள் பெரிய பகை ஈரம். பகலில் சூடாகி இரவில் குளிரும் இரும்புக் கூரையில் நீர் கோத்துச் சொட்டும். துவைத்து முழுதும் காயாத துணி ஒரு பெட்டியில் இருந்தாலே பக்கத்துச் சோபாவுக்கும் பூஞ்சை பரவும். ஃபிரிட்ஜை ஒன்றிரண்டு நாள் முன்பே அணைத்து, உலர்த்தி, கதவு இறுக மூடாதபடி துணி செருகி ஏற்றுங்கள். முன்புறக் கதவுள்ள வாஷிங் மெஷினுக்கு வாங்கியபோது வந்த, டிரம்மை அசையாமல் பிடிக்கும் டிரான்சிட் போல்ட்டுகளைத் திரும்ப மாட்டாவிட்டால், கப்பலின் ஆட்டத்தில் டிரம் தாங்கும் ஸ்பிரிங்குகள் முறியும். மரக்கூட்டில் கட்டினால், 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றிய மரம் என்பதற்கான ஐஎஸ்பிஎம் 15 (மரப் பெட்டிகளில் பூச்சி பரவாமல் தடுக்கும் பன்னாட்டு விதி) முத்திரை அந்த மரத்திலேயே இருக்க வேண்டும். சைக்கிள் டயரிலும் காலணியிலும் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக் கழுவுங்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அதற்காகவே சரக்கை நிறுத்துவார்கள். பவர் பேங்க் கண்டெய்னரிலும் வேண்டாம், செக்-இன் பெட்டியிலும் வேண்டாம், கைப்பையில்தான்.

காப்பீட்டில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். வீட்டார் தாங்களே கட்டிய பெட்டிக்கு உள்ளே உடைந்த பொருளுக்கு இழப்பீடு கிடையாது, மொத்தமாகத் தொலைந்தால் மட்டுமே உண்டு என்று பல பாலிசிகள் சொல்கின்றன. காசு மிச்சம் என்று கண்ணாடிச் சாமான்களை நாமே கட்டுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். இன்னொன்று, பொதுச் சராசரி எனப்படும் கடல் சட்ட விதி. கப்பலைக் காப்பாற்ற ஒருவர் சரக்கைத் தியாகம் செய்தால் அந்த நஷ்டத்தை எல்லாச் சரக்குதாரர்களும் பகிர வேண்டும். நம் பெட்டி பத்திரமாக இருந்தாலும், காப்பீடு இல்லையென்றால் பிணைத்தொகை கட்டும்வரை கையில் கிடைக்காது.

கட்டிலைக் கழற்றும்போது திருகுகளை ஜிப் கவரில் போட்டு, அந்தக் கட்டிலின் சட்டத்திலேயே டேப் ஒட்டுங்கள். "எல்லாத் திருகும் ஒரே டப்பாவில்" என்பது மறுமுனையில் யாருக்கும் உதவாது. படுக்கை விரிப்பு, ஸ்குரூ டிரைவர், ஒரு பாத்திரம், பல்பு, டவல், பட்டியலின் நகல் ஆகியவற்றைப் பெட்டி எண் 1-இல் வையுங்கள். அதைக் கடைசியாக, கண்டெய்னர் கதவை ஒட்டி ஏற்றச் சொல்லுங்கள். அங்கே கதவு திறந்ததும் முதலில் இறங்குவது அதுதான்.

இப்படிக்கு,
வீட்டுச் சாமான் அனுப்பும் தொழிலில் உள்ள வாசகர்