உன் பூமித் தாய் ஏன் இவ்வளவு நல்லவள்?

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய உன் கதையின் அத்தியாயங்களை அச்செடுத்து வாசித்துவிட்டேன். "பிள்ளை நன்றாகத்தானே எழுதியிருக்கிறாள், நீங்கள் தொடங்கிவிடாதீர்கள்" என்று அம்மா முன்கூட்டியே எச்சரித்தாள். தொடங்குகிறேன்.

உன் கதையில் வரும் பூமித் தாய் நல்லவள். அதுதான் சிக்கல். காட்டை வெட்டினால் கண்ணீர் விடுகிறாள், கதாநாயகிக்குப் புத்தி சொல்கிறாள், முடிவில் எல்லோரையும் மன்னிக்கிறாள். எங்கள் ஊரில் மரத்தடியில் வெறும் சூலமாக நிற்கும் வைரவருக்குக்கூட வடைமாலை சாத்த வேண்டும். கோடரிக்காரனை உன் தாய் சும்மா விடுவதை நான் எப்படி நம்புவது?

உயிருள்ள பூமி என்று 1970களில் பேசத் தொடங்கிய விஞ்ஞானிகள் ஜேம்ஸ் லவ்லொக்கும் லின் மார்குலிசும்கூட அன்பைப் பற்றிப் பேசவில்லை. லவ்லொக்கும் அன்ட்ரூ வாட்சனும் 1983இல் கணக்குப் போட்டுக் காட்டிய கற்பனைக் கோள் ஒன்று இருக்கிறது. அதில் கறுப்பு டெய்சிப் பூவும் வெள்ளை டெய்சிப் பூவும் மட்டுமே முளைக்கும். கறுப்பு வெயிலை உறிஞ்சும், வெள்ளை திருப்பி அனுப்பும். சூரியன் மெல்ல மெல்லச் சூடேறினாலும், எது எவ்வளவு பூக்கிறது என்பதைக் கொண்டே கோளின் வெப்பம் நிலையாக நிற்கும். அங்கே யாரும் யோசிப்பதில்லை. வெயில் ஓர் எல்லையைத் தாண்டினால் பூக்கள் அத்தனையும் மடிந்து, வெப்பம் ஒரேயடியாக ஏறிவிடும். உன் கதைக்கு இதைவிடப் பயங்கரமான தாய் கிடைக்க மாட்டாள்.

அடுத்தது உன் நால்வகை ஆவிகள். மண், நீர், காற்று, நெருப்பு என்று ஆவிகளைப் பிரித்தவர் 16ஆம் நூற்றாண்டுச் சுவிஸ் மருத்துவர் பரசெல்சஸ். பின்னால் வந்தவர்கள் எடுத்து எடுத்து அந்த வரிசையைத் தேய்த்துவிட்டார்கள். நீர் ஆவி என்றால் எந்த நீர்? களனி கங்கையில் இருப்பதும் கொழும்பு நடுவே பேரை வாவியில் இருப்பதும் ஒரே குணமாகவா இருக்கும்? சங்கப் பாடல்களில் சூர் என்ற அச்சந்தரும் தெய்வம் இன்ன மலையில், இன்ன சுனையில் உறையும். பெண் மெலிந்தால் அணங்கு என்ற வருத்தும் தெய்வம் தீண்டியது என்று தாய் முருகன் பூசாரியான வேலனை அழைத்து, வெறியாட்டு என்ற சாமியாட்டம் நடத்துவாள். (மெலிவுக்குக் காரணம் காதல் என்பது தோழிக்கு மட்டும் தெரியும். தாய்மார் அன்றும் அப்படித்தான்.)

நம் கொழும்பு வெள்ளவத்தைக் கால்வாய்க்கு ஓர் ஆவியைக் கொடு. பாலத்தில் நின்று பார்த்திருப்பாய்: கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பு சீமெந்துக் கரையில் வயிற்றைப் பரப்பிக் கிடக்கும். பிளந்த நாக்கு வெளியே வந்து காற்றைத் தொட்டுவிட்டு உள்ளே போகும். பொலித்தீன் பை மிதந்து வந்து வாலில் சிக்கினாலும் அசையாது. சதுப்பை நிரப்பி வீடு கட்டியவர்களைப் பார்த்து அந்த ஆவி அழ வேண்டியதில்லை. மழைக்காகக் காத்துக்கிடந்தால் போதும். 2016 மே மாதம் களனி பெருகிக் கொழும்பை ஒட்டிய கொலன்னாவையில் வீடுகளுக்குள் நுழைந்தது. 2018இல் இதே கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் 'ஈரநில நகரம்' என்ற அங்கீகாரத்தையும் வாங்கிக்கொண்டது. இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்த ஆவி என்ன நினைத்திருக்கும் என்பதை எழுது, நான் காசு கொடுத்து வாங்கி வாசிப்பேன்.

களனிக்கு ஒரு பழைய கதையும் இருக்கிறது. அங்கே ஆண்ட திஸ்ஸ மன்னன் குற்றமற்ற பௌத்தத் துறவி ஒருவரைக் கொல்வித்தான். கடல் தேவர்கள் சினந்தார்கள், கடல் நாட்டுக்குள் ஏறியது என்கிறது இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம். அதைத் தணிக்க மன்னன் தன் மகளைப் பொற்கலத்தில் ஏற்றிக் கடலில் விட்டான். அவள் கரைசேர்ந்து, தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனுவுக்குத் தாயானது வேறு கதை. அதைப் பேசத் தொடங்கினால் நமக்குக் கடிதம் போதாது. நீ பார்க்க வேண்டியது இதைத்தான்: கொலை செய்தவன் அரண்மனையில் இருந்தான், கடலில் போனவள் மகள். கடலுக்கு அது நியாயமா என்ற கேள்வியே எழவில்லை.

உன் கதையில் அணை கட்டிய அமைச்சரே வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுகிறார். வாசகர் கைதட்டுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். அவரைக் காப்பாற்று. நதி வேறு யாரையாவது பலியாகக் கேட்கட்டும். கதாநாயகியின் தம்பியைக் கேட்டால் என்ன? அப்போது அவள் உன் பூமித் தாயிடம் என்ன பேசுவாள் என்று எழுதிப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா
வெள்ளவத்தை